அப்பாவின் பைபாஸுக்காக இழந்த 38,500 ரூபாய்: நன்கொடை திரட்டித் தருகிறோம் என்று வருபவர்களிடம் எச்சரிக்கை

நேற்று மாலை நான்காவது முறையாக அழைத்தபோது, எங்களிடம் பணம் வாங்கியவர்களின் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மருத்துவமனை வராந்தாவில் இன்று பணத்துக்கு வழி தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவராவது தப்பிக்க வேண்டும் என்பதற்காக உடனே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இதயத்தின் மூன்று இரத்தக் குழாய்களில் அடைப்பு இருப்பது ஆஞ்சியோ பரிசோதனையில் தெரிந்தது. தனியார் மருத்துவமனையில் பைபாஸுக்கு 4,20,000 ரூபாய் ஆகும் என்றார்கள். பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கும் எங்களால் நகையையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்தாலும் ஒரு லட்சத்தைத் தாண்ட முடியாது. அப்போதுதான், மருத்துவச் செலவுக்கு இணையத்தில் நன்கொடை திரட்டும் தளம் ஒன்றின் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் வந்தார்.

அன்று அவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எக்கோ என்ற இதய ஸ்கேன் அறிக்கையை வாங்கி, இதயத்தின் பம்பிங் 35 சதவீதம் என்றிருந்த வரியில் விரலை வைத்துப் பொறுமையாக விளக்கினார்; அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தாம்மா, இப்போ மாடிப்படி ஏறுறார்" என்றார். மருத்துவர்கள்கூட எங்களிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை என்பதால், அந்த இடத்திலேயே நம்பிவிட்டோம். ஆக்ஸிஜன் முகமூடியோடு அப்பாவைப் படமெடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பதிவுக் கட்டணம் 8,500, விளம்பரத்துக்கு 30,000, பத்தே நாளில் நான்கு லட்சம் சேரும் என்றார். அம்மாவின் தோட்டை அடகு வைத்து 38,500 ரூபாயை அனுப்பினேன்.

பத்து நாளில் ஒரு ரூபாயும் வரவில்லை. தளத்தினரைக் கேட்டால், முதலில் "சரிபார்ப்பில் இருக்கிறது" என்றார்கள். பிறகு மேலாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். கடைசியில் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று நிபந்தனைகளிலேயே இருப்பதாகவும், அந்தப் பெண் தங்கள் ஊழியரே இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் அப்பாவின் படம் அவர்கள் தளத்தில் எப்படி வந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர் ஒரு செவிலியர். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் அந்தத் திட்டத்தில்தான், அரசு மருத்துவமனையில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இதை முதல் நாளே விசாரித்திருந்தால் 38,500 ரூபாயும் அம்மாவின் தோடும் எங்களிடமே இருந்திருக்கும்.

விரிவாக எழுத மனம் ஓடவில்லை. முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் தயாராக வைத்துக்கொண்டு, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே 1930 என்ற இணையவழி மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள். நான் நாள் கடத்திவிட்டேன்.

அப்பாவின் படம் இன்னும் அந்தத் தளத்தில் இருக்கிறது. முகமூடி அணிந்த ஒரு பெரியவரும், படத்தின் ஓரத்தில் பச்சைக் கண்ணாடி வளையல் அணிந்த ஒரு கையும் உங்கள் கண்ணில் பட்டால், தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் பணத்தில் ஒரு காசும் அவருக்கு வரவில்லை.