சேஜா, ஸ்கையா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் உள்ள கேமிங் சென்டரில் வேலரன்ட் என்ற ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கிச் சண்டை கேம் ஆட உட்கார்ந்தால், நாங்கள் ஐந்து பேரும் முதலில் கேட்பது "யார் சப்போர்ட்?" என்றுதான், அதாவது கூட்டாளிகளுக்குத் துணையாக நிற்பது யார் என்று. பெரும்பாலும் நான்தான், அதுவும் ஆசைப்பட்டுத்தான். கூட்டாளிகளைக் குணமாக்கும் சேஜ், ஸ்கை என்ற இரண்டு பாத்திரங்களையும் மாற்றி மாற்றி ஆடியிருக்கிறேன்.

சேஜ் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் குணமாக்குவாள், தன்னையும் சேர்த்து. ஸ்கை பக்கத்தில் கண்ணுக்குப் படும் கூட்டாளிகள் எல்லோரையும் ஒரே நேரத்தில் தேற்றுவாள். ஆனால் தனக்கு மட்டும் முடியாது, அப்போது கையில் துப்பாக்கியும் இருக்காது. அதனால் என்னைக் காக்க ஒருவர் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

ஸ்கையின் உண்மையான பலம் அவளுடைய பறவை. மூலையைச் சுற்றி வளைத்து ஓட்டி, சரியான நொடியில் வெடிக்க வைத்தால் எதிரிக்குக் கண் இருட்டிவிடும். "பறவை வருது, திரும்பிக்கோ" என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் நம் ஆட்களுக்கும் அதே கதிதான். பேசாத டீமுக்கு ஸ்கை வேண்டாம் என்பேன்.

சேஜின் பனிச்சுவர் அப்படியல்ல. வைத்தால் வழி அடைபடும், அவ்வளவுதான். இறந்தவரை எழுப்பும்போது மட்டும் அவசரம் கூடாது. எதிரி பார்க்கும் இடத்தில் எழுப்பினால் எழுந்த வேகத்தில் மறுபடி விழுவார்.

ஏற்காட்டிலிருந்து ஆடும் நண்பனுக்கு மழை நாளில் பிங், அதாவது இணையத் தாமதம், எகிறும். அப்போது அவன் சேஜ்தான் எடுப்பான், பறவையை நான் ஓட்டுவேன்.