ஞாபகம் கெடாத டிமென்ஷியா: சிங்கப்பூரில் சித்தப்பாவுக்காக அலைந்த விடுப்பு

இந்த முறை மெல்பர்னிலிருந்து சிங்கப்பூர் போனது தீபாவளிக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று சித்தியோடு சேர்ந்து கண்டுபிடிக்கத்தான் போனேன். ஊரில் பெரியவர்களை விட்டுவிட்டு வெளிநாட்டில் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு வயது 58. மறதி துளியும் கிடையாது. எந்தப் பேருந்து எந்த வழியாகப் போகும், யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார், எல்லாம் நுனிநாக்கில் இருக்கும். மாறியது குணம்தான். என் அப்பாவின் கருமாதியன்று அம்மா அழுதுகொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து பாயசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார். அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவர் அவர். திமிர் என்றார்கள் சொந்தக்காரர்கள். மன அழுத்தம் என்று மாத்திரை கொடுத்தது ஒரு தனியார் மருந்தகம். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ பிரச்சினை என்று சித்தியிடமே ஒருவர் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது சித்தி குரல் உடைந்துபோனது.

பலதுறை மருந்தகத்தில் (அரசு பாலிகிளினிக்கில்) பரிந்துரைக் கடிதம் வாங்கி, டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் தேசிய நரம்பியல் கழகத்துக்குப் போனோம். இந்த வழியில் போனால் சிங்கப்பூரர்களுக்கு அரசு மானியக் கட்டணம் கிடைக்கும். காத்திருக்க வேண்டும், ஆனால் செலவு தாங்கும்.

பரிசோதனையில் தேதி, கிழமை, இடம் எல்லாவற்றையும் சித்தப்பா சரியாகச் சொன்னார். கொடுத்த சொற்களைச் சில நிமிடம் கழித்துக் கேட்டபோதும் தடுமாறவில்லை. நான்கூட, இவருக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். அடுத்து, தமிழ் தெரிந்த தாதி ஒருவர் ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். சித்தப்பா யோசிக்கவே இல்லை. “கால் நனைஞ்சிடும்” என்றார். மேடைப் பேச்சில் பழமொழியாக அடுக்கிய மனிதர்! அதற்குள் தாதியின் மேசையிலிருந்த மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கியது தெளிவாக இருந்தது. அல்சைமர் என்னும் மறதி நோய் பெரும்பாலும் 65 வயதுக்கு மேல், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் தொடங்குகிறது. அதனால்தான் காலையில் நடந்தது மாலையில் நினைவிருப்பதில்லை. டிமென்ஷியா என்றால் மூளையின் திறன்கள் படிப்படியாகக் குறைவது; அல்சைமர் அதில் ஒரு வகை. சித்தப்பாவுக்கு வந்திருப்பது இன்னொரு வகை, ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையும் பக்கவாட்டு மடலும் சுருங்குகின்றன. நாசூக்கு, இரக்கம், கட்டுப்பாடு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சிலருக்கு முதலில் பேச்சு போகும். நடிகர் புரூஸ் வில்லிஸின் குடும்பம் 2022இல் அவருக்குப் பேச்சுக் குறைபாடு என்று சொல்லி, 2023இல் இந்த நோய் என்று அறிவித்தது பலருக்கு நினைவிருக்கலாம். இந்த நோய் பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும். பிராக் நகரில் ஆர்னல்ட் பிக் என்ற மருத்துவர் இதை 1892இலேயே விவரித்துவிட்டார். அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அல்சைமர் தன் நோயாளியைப் பற்றிப் பேசியதே 1906இல்தான். அப்படியிருந்தும் நம் வீடுகளில் இந்த நோயின் பெயர்கூடத் தெரியவில்லை.

பெயர் தெரிந்தால் என்ன மாறும்? மருந்து மாறும். அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் இதற்குப் பலன் தருவதில்லை, சிலருக்குப் படபடப்பைக் கூட்டியும் விடும். நோயை நிறுத்தும் மருந்து எதுவும் இன்றைக்கு இல்லை. நடத்தையைத் தணிக்கச் சில மன அழுத்த மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும்விட, சித்திக்குக் கோபம் போனது. வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்ததே அவருக்குப் பாதி நிம்மதி.

பகல்நேரப் பராமரிப்புதான் பெரும்பாடு. நாங்கள் பார்த்த நிலையங்களில் எண்பதைத் தொட்ட பாட்டிகளும் தாத்தாக்களும் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு கேட்கிறார்கள். சித்தப்பாவோ திடகாத்திரமானவர், உட்கார மாட்டார், பக்கத்துத் தட்டில் கை வைப்பார். ஓரிடத்தில் முதல் நாளே முடியாது என்றுவிட்டார்கள். இன்னோரிடத்தில் ஓர் ஊழியர் அவர் கையில் ஒரு கூடைத் துண்டுகளைக் கொடுத்து மடிக்கச் சொன்னார். மடித்தார், அடுக்கினார், மறுபடி கலைத்து மடித்தார், முகத்தில் அமைதி. அந்த ஊழியரின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். இளவயது நோயாளிகளுக்கு இப்படிப்பட்ட இடங்கள் இன்னும் வேண்டும்.

1990இல் அல்சைமர் நோய்ச் சங்கமாகத் தொடங்கி, 2021இல் பெயர் மாறிய டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பு பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தருகிறது. சித்தியைக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனேன். அங் மோ கியோவின் கெபுன் பாரு வட்டாரத்தில், வழி தவறுவோருக்கு உதவ அடுக்குமாடி புளோக் சுவர்களில் அந்தக் காலத்துப் பொருள்களைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். அருமையான முயற்சி. ஆனால் சித்தப்பா வழி தவறுகிறவர் இல்லை. உணவங்காடியில் அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்று அடி வாங்கிவிடுவாரோ என்பதுதான் எங்கள் பயம். அதனால் சித்தி ஆங்கிலத்திலும் சீனத்திலும் ஓர் அட்டை எழுதிப் பையில் வைத்திருக்கிறார்: “இவருக்கு மூளை நோய், பொறுத்துக்கொள்ளுங்கள்.” காட்டினால் பெரும்பாலானோர் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு சீனப் பெரியவர் தன் தட்டையே நகர்த்திக் கொடுத்தார்.

பண விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் கணக்கு ஞாபகம் இருக்கும், நிதானம் இருக்காது. முன்பின் தெரியாதவர் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ என்னும் அதிகாரப் பத்திரத்தை, தான் செய்வது என்னவென்று நோயாளிக்குப் புரியும் காலத்திலேயே எழுதியாக வேண்டும். அந்த நிலை தாண்டிவிட்டால், குடும்பத்தார் நீதிமன்றம் போய்த்தான் பொறுப்பு வாங்க வேண்டும். சித்தப்பாவுக்குப் புரிகிறது என்று சான்றளிக்கும் மருத்துவர் திருப்தியடைந்த பிறகே எங்கள் பத்திரம் முடிந்தது.

விடுப்பில் போகிறவர்கள், விமானச் சீட்டு எடுக்கும்போதே வீட்டில் சொல்லிப் பரிந்துரைக் கடிதத்தையும் சந்திப்பு நாளையும் வாங்கிவிடுங்கள். என்னென்ன மாறியது, எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நோயாளியிடம் கேட்டால் “நான் நல்லாத்தானே இருக்கேன்” என்றுதான் சொல்வார். மருத்துவர் எங்களிடம் அதிகமாகக் கேட்டதும் அந்தத் தாளில் இருந்தவற்றைத்தான்.