நூறு வயது அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பது: ஒரு விரிவான மதிப்பீடு

பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் வாடகைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வீட்டைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். மூன்று, மூன்றரை மீட்டர் உயரத்தில் மேற்கூரை, ஆளுயர ஜன்னல்கள், ஒரு முழம் தடித்த சுவர், கால் பட்டுத் தேய்ந்த மரப்படிகள். இவையெல்லாம் நிஜமாகவே நல்லவை. புதுக் கட்டடங்களில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. ஆனால் குடிபோன பிறகு நம் நாட்களை நல்லதாகவோ தொல்லையாகவோ ஆக்குவது எல்லா வீடுகளுக்கும் பொதுவாக மேலிருந்து கீழே ஓடுகிற விஷயங்கள்: தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்கம்பி, மழைநீர்க் குழாய், கூரை, படிக்கட்டு. இவற்றில் எதையும் வாடகைக்கு இருப்பவர் மாற்ற முடியாது. அதனால் மதிப்பீட்டையும் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

முதலில் தண்ணீர். வீடு பார்க்கப் போகும்போது சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அப்படியே குளியலறைக் குழாயையும் திறந்து பாருங்கள். முதல் குழாயில் தண்ணீர் பாதியாகக் குறைந்தால் உள்ளே இருப்பது துருவேறிய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்று சந்தேகிக்கலாம். துத்தநாகப் பூச்சு கரைந்து போனதும் துரு உள்பக்கமாக வளர்ந்து, அரை அங்குலக் குழாயைப் பென்சில் நுழையும் அளவுக்கு அடைத்துவிடும். குழாயின் வாயை மாற்றினாலோ ஷவரை மாற்றினாலோ இது சரியாகாது. காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்பழுப்பாக இருந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்தால் அது வீட்டுக் குழாயின் துரு. தெளியவே இல்லை என்றால் பொதுத் தொட்டியையோ தெருக்குழாயையோ பார்க்க வேண்டும். வெந்நீர் மட்டும் நிறம் மாறி வந்தால் கோளாறு ஹீட்டரில்.

துருவைவிடக் கவலைப்பட வேண்டியது காரீயக் குழாய். காரீயம் (லெட்) உடலுக்கு நஞ்சு. கண்டுபிடிப்பது எளிது. குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு நாணயத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மங்கிய சாம்பல் நிறத்துக்கு அடியில் வெள்ளி போலப் பளிச்சென்று தெரிந்து, காந்தமும் ஒட்டாவிட்டால் அது காரீயமாக இருக்க வாய்ப்பு அதிகம். காந்தம் ஒட்டினால் இரும்பு. செம்பு நிறம் தெரிந்தால் தாமிரம். ஆனால் பழைய தாமிரக் குழாய்களின் இணைப்புகளைக் காரீயம் கலந்த பற்றவைப்பால் ஒட்டியிருப்பார்கள். காரீயக் குழாய் உள்ள வீட்டைத் தவிர்ப்பதே நல்லது, குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் கண்டிப்பாக. தவிர்க்க முடியாதவர்கள் குடிக்கவும் சமைக்கவும் குளிர்ந்த தண்ணீரை மட்டுமே பிடிக்க வேண்டும். வெந்நீரில் காரீயம் கூடுதலாகக் கரையும். இரவு முழுக்க குழாயில் தேங்கிய தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். கொதிக்க வைத்தால் காரீயம் போகாது, தண்ணீர் ஆவியாவதால் அதன் செறிவு இன்னும் கூடும். எல்லா வடிகட்டியும் காரீயத்தைப் பிடிக்காது. காரீயத்தை நீக்கும் என்று சோதித்துச் சான்று பெற்றதைத்தான் வாங்க வேண்டும்.

வீட்டுக்குள் தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்று சாவி வாங்கும் நாளிலேயே கேட்டு, உரிமையாளரை அருகில் வைத்துக்கொண்டு மூடிப் பாருங்கள். பல ஆண்டுகள் தொடாத பழைய வால்வு இறுகிப்போயிருக்கும். தனியாக இருக்கும்போது பலத்தைப் போட்டுத் திருப்பினால் தண்டு முறிந்து, நிறுத்த முடியாத ஒழுகலாகிவிடும். இறுகியிருந்தால் குடிபோவதற்கு முன்பே மாற்றித் தரச் சொல்லுங்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கழிவுக் குழாய் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சத்தம் குறைவு, ஆயுளும் அதிகம். பொதுக் குழாய் அடியில் அடைத்துக்கொண்டால் மேல்வீடுகளின் கழிவுநீர் தரைத்தள வீட்டின் கழுவுதொட்டியிலும் தரை வடிகாலிலும்தான் பொங்கி வரும். தரைத்தள வீடு பார்ப்பவர்கள் இதைப் பற்றி அங்கே இப்போது குடியிருப்பவரிடமே கேட்டுவிடுவது நல்லது. யாரும் பயன்படுத்தாத அறையிலிருந்து சாக்கடை வாடை வந்தால் பயப்பட வேண்டியதில்லை. வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும்.

மின்சாரத்தில் இந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் குறைந்த மதிப்பெண்தான் வாங்குகின்றன. விளக்குக்கும் ரேடியோவுக்கும் போட்ட கம்பியில் இன்று கெட்டில், ஹீட்டர், ஏசி எல்லாம் ஓடுகின்றன. பழைய கம்பிகளின் ரப்பர் உறை காய்ந்து, தொட்டால் உதிரும். சுவிட்ச் போர்டைத் திறக்காமலேயே சிலவற்றைக் கவனிக்கலாம்: தகடு சூடாக இருப்பது, சாக்கெட் ஓரம் பழுப்பேறியிருப்பது, அருகில் போனால் மீன் வாடை போல ஒரு நாற்றம் வருவது. அந்த நாற்றம் பிளாஸ்டிக் சூடேறிக் கருகுவதன் அறிகுறி. உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். மூன்று துளை சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பழைய இரட்டைக் கம்பியின் மேல் புது சாக்கெட்டை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சொருகினால் விளக்கு எரிந்து காட்டும் சாக்கெட் டெஸ்டர் சின்னப் பொருள்தான். வீடு பார்க்கும்போது கையில் இருக்கட்டும்.

அடுத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக அணைத்து, எது எது நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முழு வீடும் இரண்டே இணைப்பில் (சர்க்யூட்) ஓடுவது இந்தக் கட்டடங்களில் சாதாரணம். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் இணைப்பு தாங்குவது சுமார் 3,680 வாட். 2,000 வாட் கெட்டிலும் 2,000 வாட் ஹீட்டரும் ஒரே இணைப்பில் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவது மிகப் பெரிய ஆபத்து. அப்போது ஃபியூஸுக்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் கம்பிதான் எரியும். முழு வயரிங்கையும் மாற்ற உரிமையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால், 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றையாவது மெயின் போர்டில் பொருத்தித் தரக் கேளுங்கள். எர்த் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும். எர்த்துக்கு மாற்று ஆகாது, ஆனால் உயிரைக் காக்கும். ஏசி போட நினைப்பவர்கள் வீட்டுக் கம்பியோடு நிறுத்திவிடாமல், கட்டடத்தின் கீழிருந்து வரும் பொதுக் கம்பி எவ்வளவு சுமை தாங்கும் என்றும் கேட்க வேண்டும்.

இனி ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். பழைய வீடுகளில் எழும் புகார்களில் பெரும்பகுதி இதைப் பற்றியது, தவறாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுவே. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும்படி கட்டப்பட்டவை. அதன்மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்டும் ஏற்றினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, பெயின்ட் கொப்பளித்துச் செதில் செதிலாக உதிரும். மறுபடி பெயின்ட் அடித்தால் மறுபடி உதிரும். அந்தச் சுவருக்குத் தேவை சுண்ணாம்பு வெள்ளையோ ஈரத்தை வெளியே விடும் வகைப் பெயின்டோதான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். தரைத்தளத்தில் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் வரை அலை அலையாகக் கறை இருந்தால் நிலத்திலிருந்து ஏறும் ஈரம். அந்த உயரம் வரைக்கும் மட்டும் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும். மேல்தளத்தில் ஒரே இடத்தில் திட்டாக, மழைக்குப் பின் கூடிக்கொண்டு போனால் மழைநீர்க் குழாயோ கூரையோ ஒழுகுகிறது. வெளியே போய்ப் பாருங்கள், குழாயை ஒட்டிச் சுவரில் பாசி பிடித்த பச்சைக் கோடு தெரியும். அறையின் மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் கரும்பூசணம் படிந்தால் பெரும்பாலும் நாம் உள்ளே உண்டாக்கும் நீராவிதான். சந்தேகமாக இருந்தால் ஓர் அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்று புகாமல் டேப் போட்டு ஒட்டி, 2 நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்தால் அறைக்காற்றின் ஈரம், சுவரைப் பார்த்த பக்கம் நனைந்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம். அறைக்காற்றின் ஈரத்துக்கு நாமே வழி செய்யலாம்: வெளிச்சுவரிலிருந்து பீரோவை 5 சென்டிமீட்டர் தள்ளி வைப்பது, ஈரத் துணியை அறைக்குள் காயப்போடாதது, சமைக்கும்போது ஜன்னலைத் திறப்பது. நிலத்திலிருந்து ஏறும் ஈரமும் மழை ஒழுகலும் கட்டடத்தின் வேலை. அதற்கு வாடகைதாரரைக் குறை சொல்லும் உரிமையாளரிடம் இந்தத் தாளைப் படம் எடுத்துக் காட்டுங்கள். வீடு பார்க்க ஏற்ற நாள், நல்ல மழை பெய்த மறுநாள்.

பழைய பெயின்டிலும் காரீயம் இருக்கலாம். உட்புறப் பூச்சில் வெண்காரீயத்தை (பெயின்டுக்கு வெள்ளை நிறம் தரும் காரீயச் சேர்மம்) தடுக்கும் சர்வதேசத் தொழிலாளர் ஒப்பந்தம் 1921இலேயே வந்தது. ஆனாலும் அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் காரீயத்துக்குத் தடை 1978இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே கதவு, ஜன்னல் சட்டங்களை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். ஜன்னல் ஏறி இறங்கும் தடத்தில் சேரும் தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், தவழும் குழந்தை இருந்தால் அடிக்கடி.

மேலும் கீழும் நகரும் மரஜன்னல்கள் இந்த வீடுகளின் சொத்து. சட்டத்தின் இரு பக்கமும் உள்ள பெட்டிக்குள் எடைக்கட்டிகள் கயிற்றில் தொங்கி, கண்ணாடிச் சட்டத்தின் கனத்தைச் சமன் செய்கின்றன. திறந்த ஜன்னல் நிற்காமல் கீழே விழுந்தால் கயிறு அறுந்திருக்கிறது. விரல் நசுங்கும் முன் பழுது பார்க்க வேண்டும். ஒரு கயிறு போயிருந்தால் மற்றதும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பெயின்ட் ஒட்டி இறுகிய ஜன்னலை நெம்பினால் மரம் பிளக்கும். இணைப்புக் கோட்டில் கத்தியால் கீறிவிட்டுத் தட்டினால் விடும். தெருச் சத்தத்துக்கு நல்ல மருந்து, உள்பக்கத்தில் தனியாக இன்னொரு கண்ணாடிச் சட்டம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 10 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி விட்டால் சாதாரண இரட்டைக் கண்ணாடியைவிடச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும். பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டிருந்தால் வெளித்தோற்றத்தில் கை வைக்க முன்அனுமதி வேண்டியிருக்கும், ஏசியின் வெளி யூனிட்டுக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும்கூட. விண்ணப்பத்தை உரிமையாளர் வழியாகக் கொண்டுபோவதே முறை, மாதக்கணக்கில் ஆகலாம் என்ற கணக்கோடு.

மரத்தளம் உள்ள கட்டடங்களில் மேல்வீட்டு நடை அப்படியே கேட்கும். கனமான கம்பளம் கொஞ்சம் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. தூக்கம் லேசானவர்கள் மேல்தளத்தையே எடுங்கள், வெயிலைத் தாங்க முடியுமானால். சுமையிலும் கவனம் வேண்டும். வீடுகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை கணக்கிட்டுக் கட்டப்படும். பழைய கட்டடத்தில் அப்படியொரு கணக்கு இருந்ததா என்பதே தெரியாது. ஒரு மீட்டர் நீளத் தட்டில் புத்தகங்கள் 20 கிலோவுக்கு மேல் வந்துவிடும். பெரிய புத்தக அலமாரியை அறை நடுவில் வைக்காமல், உத்தரக் கட்டைகள் போய் உட்காரும் சுவரை ஒட்டி, பல கட்டைகளின் மேல் பரவும்படி வையுங்கள். மரத்தில் 1, 2 மில்லிமீட்டர் வட்டத் துளைகளும் அதனடியில் புதிதாகச் சிந்திய மாவும் தெரிந்தால் வண்டு இன்னும் உயிரோடு வேலை செய்கிறது.

எந்த மாடி என்பதும் தரத்தை மாற்றும். 1857இல் நியூயார்க்கில் முதல் பயணிகள் லிஃப்ட் வருவதற்கு முன், ஏறுவதற்கு எளிதான மாடிதான் வசதியானவர்களுக்கு. பாரிஸில் 1853 முதல் 1870 வரை அரசு நிர்வாகி ஓஸ்மான் மேற்பார்வையில் நகரைத் திருத்தியமைத்தபோது எழுந்த கட்டடங்களில் இரண்டாம் மாடிக்கே உயரமான கூரையும் நீண்ட பால்கனியும். கூரைக்கு அடியில் பணியாளர்களின் சிறு அறைகள். அந்த அறைகள் இன்று தனி வீடுகளாக வாடகைக்கு விடப்படுகின்றன, கோடையில் கொதிக்கின்றன. இப்படிப்பட்ட கட்டடங்களில் ஒரே வாடகைக்கு இரண்டு வீடு கிடைத்தால் நடு மாடியையே எடுங்கள். லிஃப்ட் பெரும்பாலும் பிற்காலத்தில் படிக்கட்டின் நடுக்குழிக்குள் திணிக்கப்பட்டது. சோபாவும் கட்டிலும் அதில் போகாது. படித்திருப்பத்தின் அகலத்தையும் கதவின் அகலத்தையும் அளந்துவிட்டுத்தான் சாமான் வாங்க வேண்டும். கிரில் கதவு லிஃப்டாக இருந்தால், யாராவது கதவைச் சரியாக மூடாமல் போனால் அது அந்த மாடியிலேயே நின்றுவிடும். முதியவர் இருக்கும் குடும்பம் லிஃப்டை நம்பி நான்காம் மாடிக்குப் போவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

தீ விஷயத்தில் இந்தக் கட்டடங்கள் பலவீனமானவை. பலவற்றுக்கு ஒரே படிக்கட்டு, அதுவும் மரத்தில். காற்றும் வெளிச்சமும் வரக் கட்டடத்தின் நடுவில் விட்ட குழி புகையை மேலே இழுக்கும். படிக்கட்டில் சைக்கிளும் அட்டைப்பெட்டியும் அடைந்து கிடக்கும் கட்டடத்துக்கு மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். படுக்கையறைக்கு வெளியே புகை உணரும் கருவியை வாடகைதாரரே வாங்கி மாட்டலாம். அதை மாட்டச் சுண்ணாம்புக் காரையில் துளை போடும்போது டிரில்லின் இடிக்கும் விசையை அணைத்துவிட்டு மெதுவாகத் துளையுங்கள், இல்லையென்றால் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து விழும்.

சுவரில் விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிப் படம் எடுங்கள். முனை கோட்டைத் தாண்டினால் விரிசல் வளர்கிறது. 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, படிக்கட்டு போலச் செங்கல் செங்கலாக ஏறினால் கட்டடப் பொறியாளர் வந்து பார்க்கும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இந்தப் படங்களை ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள், வீட்டைக் காலி செய்யும்போது பழைய விரிசலுக்கு நம் அட்வான்ஸில் பிடித்தம் வராது. அதே ஒப்பந்தத்தில் பொதுக் குழாய், கூரை, மெயின் கம்பி ஆகியவற்றின் பழுது யார் செலவு, சொன்ன எத்தனை நாளுக்குள் ஆள் வர வேண்டும், உரிமையாளர் ஊரில் இல்லாதபோது மொட்டைமாடித் தொட்டியின் சாவியும் பொது வால்வின் சாவியும் யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.