ரெண்டு பட்டன் ஃபிளஷ்: மூன்று வருடத்துக்குப் பிறகு

கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பன் நேற்று ஃபோனில் கேட்டான்: "மச்சான், உன்ர வீட்டில இருக்கிற ரெண்டு பட்டன் ஃபிளஷ் எப்பிடி? நானும் போடட்டா?" கேட்ட நேரம் சரியில்லை. பிளம்பர் காசை வாங்கிக்கொண்டு அப்போதுதான் படியிறங்கியிருந்தார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வெள்ளவத்தை வீட்டில் முன்பிருந்த பழைய டொய்லெட் தாங்கி ஒரு தடவைக்கு 9 லீற்றர் கொட்டும். இதில் சின்னப் பட்டனுக்கு 3, பெரியதற்கு 6. வீட்டில் நாலு பேர், நாளொன்றுக்கு 20 தடவை, அதில் பெரியது நாலுதான். 180 லீற்றர் போன இடத்தில் 72. மாதத்துக்கு 3 யூனிற்றுக்கு மேல் மிச்சம் (ஒரு யூனிற் என்றால் 1,000 லீற்றர்). பாவனை கூடக் கூட யூனிற் விலையும் ஏறும் கட்டணத்தில் அது பெரிய விஷயம். மழை பொய்த்து, களனி கங்கையில் உப்புத்தண்ணீர் மேலேறி வரும் காலத்தில் இப்படி மிச்சம் பிடிப்பது மனதுக்கும் நிம்மதி.

ஆனால் அந்த ரப்பர் வளையம்! தாங்கியின் அடியில் வாயை மூடிப் பிடிக்கும் உள்ளங்கை அளவு சாமான். அது கொஞ்சம் இறுகினாலும், ஒரு மண்துகள் ஒட்டினாலும் தண்ணீர் கசியும். சத்தமே வராது. பில் கூடி வந்தபோது பிள்ளைகளைத்தான் ஏசினேன். பிறகு ஒரு இரவு பதினொரு மணிக்கு மீட்டரைக் குறித்து வைத்தேன். ஒரு பைப்பும் திறக்கவில்லை. விடிய ஐந்து மணிக்கு 60 லீற்றர் கூடியிருந்தது. ஒரு நாளுக்குக் கணக்குப் பார்த்தால் 240. மிச்சம் பிடித்ததே 108தானே!

கேசரிப் பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்துத் தாங்கிக்குள் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் வெள்ளைக் கோப்பையின் பின்சுவரில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியது. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மூன்று வருடத்தில் இது இரண்டாவது தடவை. வளையம் மட்டும் தனியாகக் கிடைக்காதாம், முழு வால்வையும் வாங்க வேண்டுமாம். காலி வீதியில் நான்கு ஹாட்வெயார் கடை ஏறி இறங்கியும் அதே பதில். தண்ணீரை மிச்சப்படுத்தவென்று செய்த சாமானுக்கு ஒரு ரப்பர் துண்டை விற்க மாட்டார்களா?

அதனால் நண்பனுக்குச் சொன்னது இதுதான்: போடாதே. உன்ர பழைய தாங்கிக்குள் ஒரு லீற்றர் போத்தல் இரண்டைத் தண்ணீர் நிரப்பி இறக்கி வை. ஒரு தடவைக்கு 2 லீற்றர் வரை மிஞ்சும். வளையம் கடையில் தனியாக வரட்டும், அப்புறம் பார்ப்போம்.