கனகபுரா ரோடு ஹோம்ல அம்மா வெயிட் தூக்குறாங்க - என் ரிவ்யூ

அம்மாவுக்கு 82. போன ஜூன்ல பெங்களூரு கனகபுரா ரோடு பக்கம் ஒரு முதியோர் ஹோம்ல சேர்த்தோம், பேரு இங்க போடல. ரூமு, சாப்பாடு எல்லாம் மத்த ஹோம் மாதிரிதான், நான் எழுத வந்தது அங்க வாரத்துல மூணு நாள் நடக்குற எக்சர்சைஸ் கிளாஸ பத்தி.

மொதல்ல நம்பல. இந்த மாதிரி எடத்துல எக்சர்சைஸ்னா சேர்ல உக்கார வச்சு கைய தூக்கு எறக்குன்னு சொல்லி ஒரு பஜனை போட்டு முடிச்சிருவாங்க. இங்க நெஜமாவே வெயிட் குடுக்குறாங்க. கணுக்கால்ல வெயிட் கட்டி கால நீட்டணும், ரப்பர் பேண்ட் இழுக்கணும், கைப்பிடி புடிக்காம சேர்லேர்ந்து எந்திரிக்கணும். அம்மா அரை கிலோல ஆரம்பிச்சு ஒன்றரைக்கு வந்துட்டாங்க, பேண்டு மஞ்சள்லேர்ந்து இன்னும் டைட்டான செவப்புக்கு மாறுனப்ப ஏதோ ஸ்கூல்ல பிரைஸ் வாங்குன மாதிரி போன்ல சொன்னாங்க. பிசியோ பையன் கன்னடம், மூச்ச அடக்குனா பிபி ஏறும்னு ஒந்து எரடு மூறுன்னு சத்தமா எண்ணச் சொல்வான், அம்மா அஞ்சுக்கு மேல தமிழுக்கு தாவிடுவாங்க.

இந்த வயசுல வெயிட்டான்னு தம்பி கத்துனான். 1990ல வந்த பாஸ்டன் ஆராய்ச்சிய அனுப்புனேன்: ஹோம்ல இருந்த சுமார் 90 வயசுக்காரங்க 10 பேரு, 8 வாரம் காலுக்கு வெயிட் பயிற்சி, முடிச்ச 9 பேருக்கு பலம் சராசரியா 174 சதவீதம் கூடியிருக்கு, ரெண்டு பேரு கைத்தடியவே விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் பய சத்தமே இல்ல.

எனக்கு பெருசா பட்டது வேற. ராத்திரி பாத்ரூம் போக பெல் அடிச்சுட்டு ஆயாவுக்காக காத்துட்டு இருந்தவங்க இப்ப தானே எந்திரிச்சு போறாங்க. அதுக்கு முன்னாடி நான் போன் பண்ணா "ம்ம், சரி, வச்சிடறேன்"தான், இப்ப சாம்பார் சரியில்ல, மங்களூர் மாமி என் சேர்ல உக்காந்துட்டான்னு அரை மணி நேரம் சண்டைக்கதை!

கொறையும் இருக்கு. நவம்பர்ல பிசியோ நின்னுட்டாரு, அஞ்சு வாரம் கிளாஸே இல்ல, பணம் மட்டும் 2500 புடிச்சுட்டாங்க. அதே ஆராய்ச்சியில நிறுத்துன 4 வாரத்துல பலம் 32 சதவீதம் போயிடுச்சுன்னு இருக்கு, அம்மாவும் திரும்ப மஞ்சள் பேண்டு. ஆபீஸ்ல கேட்டா "ஆள் தேடறோம் சார்". அப்புறம் ராத்திரிக்கு வெறும் உப்புமா, புரோட்டீன் இல்லாம சதை எங்கேர்ந்து ஏறும்? நான் போறப்ப சுண்டல் எடுத்துட்டு போறேன்.

5க்கு மூணரை. பாக்கப் போறவங்க செவ்வாய், வியாழன், சனி காலைல 10:30க்கு போங்க, ஞாயித்துக்கெழம போனா லாபியும் காபியும்தான் காட்டுவாங்க.