லேண்ட்பிரிட்ஜா, நேரடிக் கப்பலா? அயர்லாந்துச் சரக்குக்கு எந்த வழி?

2020 டிசம்பர் 31 இரவு 11 மணி வரை அயர்லாந்து லாரிக்குப் பிரிட்டன் வெறும் குறுக்குச் சாலைதான். டப்ளினில் கப்பலேறி, வேல்ஸின் ஹோலிஹெட்டில் இறங்கி, இங்கிலாந்தின் குறுக்கே ஓடி, டோவரில் மறுபடி கப்பலேறி, பிரான்ஸின் கலேயில் இறங்கினால் ஆயிற்று. மொத்தம் 20 மணி நேரத்துக்குள். லேண்ட்பிரிட்ஜ் என்று இதற்குப் பெயர். பிரெக்ஸிட்டுக்கு முன் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் லாரிகள் இப்படிப் போயின. ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் வெளியேறிய மறுநாளும் சாலை அதே சாலைதான். அதன் இரு முனையிலும் ஆளுக்கொரு சுங்க எல்லை முளைத்திருந்தது.

இன்னொரு வழி, பிரிட்டனைத் தொடாமல் நேராக அக்கரை, அதாவது ஐரோப்பியப் பெருநிலம், போகும் கப்பல். அயர்லாந்தின் ரோஸ்லேர் துறைமுகத்திலிருந்து பிரான்ஸின் செர்போர்க் பதினேழு, பதினெட்டு மணி நேரம். ரோஸ்லேரிலிருந்து பிரான்ஸின் டன்கிர்க் ஏறத்தாழ ஒரு நாள். டப்ளினிலிருந்து பெல்ஜியத்தின் ஸீப்ருக், நெதர்லாந்தின் ராட்டர்டாம் அதற்கும் மேல். டன்கிர்க் கப்பல் 2021 ஜனவரி 2 அன்று, எல்லை முளைத்த இரண்டாம் நாளே, ஓடத் தொடங்கியது. சக்கரத்தோடு கப்பலேறும் அயர்லாந்துச் சரக்கில் 2019-ல் ஆறில் ஒரு பங்குதான் நேராக அக்கரை போனது. 2021-ல் மூன்றில் ஒரு பங்கு.

சாய்வை ஒளிக்க வேண்டியதில்லை. லாரி நிறைய ஒரே சரக்கு, வாரம் தவறாமல், அக்கரைக்கு என்றால் நேரடிக் கப்பல்தான். கட்டணம், டீசல், டயர் தேய்மானம் இவற்றையெல்லாம் பட்டியல் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. கப்பல் டிக்கெட்டில் கூடுவது சாலைச் செலவில் பெரும்பாலும் கழிந்துவிடும். மிச்சம் பருவத்துக்குப் பருவம் மாறும். முடிவு அங்கே இல்லை.

முதலில் காகிதம். லேண்ட்பிரிட்ஜில் போகும் ஐரோப்பிய ஒன்றியச் சரக்குக்கு டி2 டிரான்சிட் (சுங்கம் கட்டாமல் வேறு நாட்டைக் கடந்துபோவதற்கான ஆவணம்) போட வேண்டும். அது கணினியில் பதிவாகி எம்ஆர்என் என்ற எண் வரும். சுங்கமும் வரியும் எவ்வளவு வரக்கூடுமோ அவ்வளவுக்குப் பிணை கட்டியிருக்க வேண்டும். அந்த எண் அயர்லாந்து பக்கம் முன்னறிவிப்பில் ஏற வேண்டும், பிரிட்டன் பக்கம் ஜிஎம்ஆர் என்ற வண்டிப் பதிவிலும் ஏற வேண்டும். ஜிஎம்ஆர் இல்லாத வண்டியை ஹோலிஹெட் கப்பலில் ஏற்றமாட்டார்கள். டோவரில் செக்-இன் செய்யும்போது வண்டி எண்ணையும் காகிதத்தின் பார்கோடையும் பிரெஞ்சு சுங்கம் ஜோடி சேர்த்துக்கொள்ளும். கடலைக் கடக்கும் ஒன்றரை மணி நேரத்தில் பச்சை வழியா (நேராகப் போகலாம்) ஆரஞ்சு வழியா (நின்று சுங்கத்திடம் காட்ட வேண்டும்) என்று தெரிந்துவிடும். இறைச்சி, பால், மீன் என்றால் ஒன்றியத்துக்குள் மறுநுழைவுக்கு முன்னறிவிப்பும் சீல் எண் சரிபார்ப்பும் சேரும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. கலேயில் பச்சை விழுந்தவுடன் டிரான்சிட் முடிந்தது என்று ஓட்டுநர் நினைத்துவிடுகிறார். கலேயில் பதிவாவது கடந்துபோன செய்தி மட்டுமே. சேருமிடத்துச் சுங்க அலுவலகத்திலோ, அனுமதி பெற்ற சரக்குப் பெறுநரிடமோ காட்டினால்தான் கணக்கு முடியும். அதுவரை பிணைத் தொகை அந்த லோடில் மாட்டிக்கொண்டிருக்கும். இப்படி நாலைந்து லோடு திறந்தே கிடந்தால் அடுத்த லோடுக்குப் பிணையில் இடமிருக்காது. வண்டி டிப்போவிலேயே நிற்கும்.

ஒரே ட்ரெய்லரில் பலருடைய சரக்கை ஏற்றுபவர்களுக்கு இது இன்னும் மோசம். முப்பது பெட்டியில் ஒன்றுக்குக் காகிதம் தப்பானால் மற்ற இருபத்தொன்பதும் சேர்ந்து நிற்க வேண்டும். போகிற வழியில் பர்மிங்காமில் நாலு பேலட் இறக்கிவிட்டு மிச்சத்தோடு அக்கரை போகும் பழைய பழக்கமும் செத்துவிட்டது. சீல் வைத்த ட்ரெய்லரை நடுவழியில் திறக்க முடியாதே.

நேரடிக் கப்பலில் இதில் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று பார்த்துக்கொள்ள வேண்டும்: அந்தக் கப்பல், ஒன்றியத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் ஓடும் சேவையாகச் சுங்கத்துறையிடம் அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்று. நடுவில் ஒரு பிரிட்டன் துறைமுகத்தைத் தொட்டுப் போகும் கன்டெய்னர் கப்பலுக்கு அந்த அங்கீகாரம் கிடைக்காது. அதில் ஏற்றினால் சரக்கு ஒன்றியத்தைச் சேர்ந்ததுதான் என்று டி2எல் சான்று காட்ட வேண்டிவரும்.

காகிதத்தையாவது நல்ல ஏஜென்ட் வைத்துச் சமாளித்துவிடலாம். ஓட்டுநரின் கடிகாரத்தைச் சமாளிக்க முடியாது, முடிவு அங்கேதான். ஐரோப்பிய விதிப்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். தினசரி ஓய்வு 11 மணி. ஹோலிஹெட் கப்பலில் 3 மணி நேரம் தடையில்லாமல் படுத்தால் அது ஓய்வின் முதல் பாகமாகச் சேரும், இரண்டாம் பாகம் 9 மணி இருந்தால் போதும். அப்படிப் பார்த்தால் வேலை தொடங்கியதிலிருந்து அதிகபட்சம் 15 மணி நேரத்தில் வண்டி நின்றாக வேண்டும். எல்லையில் வரிசையில் நிற்பது ஓட்டும் நேரத்தில் சேராது, இந்த 15-ல் சேரும்.

ஒரு கணக்கு. ஓட்டுநர் ஒருவர் நண்பகல் 12-க்கு டிப்போவில் வேலை தொடங்குகிறார். ஒரு மணி நேரம் ஓட்டித் துறைமுகம், பிற்பகல் கப்பல், மாலை 6.30-க்கு ஹோலிஹெட்டை விட்டு வெளியே. டோவருக்கு 550 கிலோமீட்டருக்கு மேல். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 90-ஐத் தாண்ட விடாது, ஆகவே 7 மணி நேர ஓட்டம், 45 நிமிட இடைவெளி. நள்ளிரவு தாண்டி 2.15-க்கு டோவர். 15 மணி முடிவது 3 மணிக்கு. கையில் இருப்பது முக்கால் மணி.

இப்போது ஹோலிஹெட்டில் ஒரு காகிதத்துக்காக 2 மணி நேரம் நிறுத்திவிட்டார்கள் என்று வையுங்கள். 8.30-க்குக் கிளம்புகிறார். 3 மணி அடிக்கும்போது டோவர் இன்னும் ஒன்றேகால் மணி தூரத்தில் இருக்கிறது. டோவர் இருக்கும் கெண்ட் மாவட்டத்தில் எம்20 சாலையோரம் அந்த நேரத்துக்கு லாரி நிறுத்த இடம் தேடுவது தனிக் கொடுமை. 9 மணி நேர ஓய்வு முடிந்து பகல் 12-க்குக் கிளம்பினால் 1.15-க்கு டோவர். எல்லையில் போனது 2 மணி நேரம், மொத்தத் தாமதம் 11 மணி நேரம். இறக்குமிடத்தில் காலை 10 மணி ஸ்லாட் கொடுத்திருந்தால் அது போயே போயிற்று. இரண்டு ஓட்டுநரைப் போட்டால் தப்பிக்கலாம்தான், இரட்டைச் சம்பளத்துக்கு லோடு தாங்க வேண்டும்.

டன்கிர்க் கப்பலில் படுக்கை இருக்கிறது. முழு 11 மணி ஓய்வும் கடலிலேயே முடிந்து, இறங்கும்போது புதிதாக 9 மணி நேரம் கையில் இருக்கும். பாரிஸின் ருங்கிஸ் சந்தையோ கொலோனோ அதற்குள் அடங்கும். கப்பல் 2 மணி தாமதமானால் சரக்கும் 2 மணிதான் தாமதம்.

ஸீப்ருக், ராட்டர்டாம் வழியில் ஓட்டுநரே வேண்டாம். ட்ரெய்லரை மட்டும் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தால் அங்கிருக்கும் இழுவை வண்டி ஏற்றிக்கொள்ளும்; அக்கரையில் வேறொருவர் எடுப்பார். ஆனால் ரீஃபர், அதாவது குளிரூட்டிய ட்ரெய்லர், அனுப்பினால் கவனம். மூடிய தளத்தில் டீசல் எஞ்சினை ஓட விடமாட்டார்கள், கப்பல் மின்சாரத்தில்தான் ஓட வேண்டும். யூனிட்டில் மின் மோட்டார் இருக்கிறதா, 400 வோல்ட் மும்முனை ப்ளக் சரியாக இருக்கிறதா, வெப்பநிலை காகிதத்தில் உள்ளபடிதான் வைத்திருக்கிறதா என்று விடும் முன் படம் எடுத்து வைக்க வேண்டும். ப்ளக் குத்தியிருக்கும், மோட்டார் ஓடாது. பக்கத்தில் பார்க்க ஆள் இருக்காது. தூரத்திலிருந்து வெப்பநிலை காட்டும் கருவி இல்லாத ட்ரெய்லரில் உறைந்த இறைச்சியை இப்படி அனுப்ப வேண்டாம். ட்ரெய்லர் போய்த் திரும்பும் சுற்று நீள்வதால் அதே அளவு சரக்குக்கு ட்ரெய்லரும் கூடுதலாக வாங்க வேண்டிவரும்.

நேரடிக் கப்பலுக்கு எதிராக இரண்டு விஷயம். ஒன்று, கார்பன் கட்டணம். 2024-லிருந்து கப்பல் புகையும் ஐரோப்பிய கார்பன் சந்தைக்குள் வந்துவிட்டது: 2024-ன் புகையில் 40 சதவீதம், 2025-ல் 70, 2026 முதல் 100. ஒன்றியத்துக்குள்ளேயே ஓடும் கப்பலுக்கு முழுப் புகையும் கணக்கு. டப்ளின்-ஹோலிஹெட், டோவர்-கலே போன்றவற்றுக்குப் பாதிதான். அது சர்சார்ஜாக உங்கள் பில்லில் வந்து உட்காரும். இரண்டு, தவறவிட்டால் காத்திருப்பு. டோவரில் அடுத்த கப்பல் சீக்கிரம் வரும், ரோஸ்லேரில் அடுத்த நாள்தான். குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் அதுவும் ரத்தாகலாம். ஆனால் புயலுக்கு ஹோலிஹெட்டும் விலக்கல்ல. 2024 டிசம்பரில் டாரா புயலின்போது பெர்த்துகள் (கப்பல் கட்டும் மேடைகள்) சேதமாகித் துறைமுகம் மூடியது. ஒரு பெர்த் 2025 ஜனவரி நடுவில்தான் திறந்தது.

அவசர மருந்து, பழுதான இயந்திரத்துக்கு உதிரிபாகம், மறுநாளே பிரான்ஸின் லில் போய்ச் சேர வேண்டிய ஒற்றை லோடு என்றால் லேண்ட்பிரிட்ஜ் இன்னும் வேகமானதுதான். இந்த வகைச் சரக்கில் மேலே சொன்ன தீர்ப்பை அப்படியே பொருத்தத் தயக்கம் உண்டு. ஒரு நாள் தாமதத்தின் விலை அங்கே வேறு. அதனால் வழக்கச் சரக்கை நேரடிக்கு மாற்றினாலும் டிரான்சிட் பிணையை விட்டுவிட வேண்டாம். மாதம் ஒன்றிரண்டு லோடாவது அந்த வழியில் போனால் பிணையும் உயிரோடு இருக்கும், காகிதம் போடும் கையும் மறக்காது.