கப்பல் சீட்டா, கல்லறை ஏடா? குமரி மாவட்டத்தில் வம்சம் தேடுவோருக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

'தாத்தாவுக்க அப்பா சிலோனுக்குப் போனவர், அதுக்கு மேலே யாருன்னு தெரியல்ல.' குமரி மாவட்டத்தில் வம்சாவளி தேடக் கிளம்புகிற பலருடைய கையிலும் இந்த ஒரு வரிதான் இருக்கும். அங்கிருந்து இரண்டு பக்கம் போகலாம். கடல் கடந்து போனவரைப் பற்றி அரசும் கப்பல் கம்பெனியும் எழுதி வைத்த குடியேற்றப் பதிவுகள் ஒரு பக்கம். ஊரிலேயே கண்மூடியவரைப் பற்றிக் கிறிஸ்தவக் கோயிலும் சபையும் எழுதி வைத்த அடக்கப் பதிவுகள் மறுபக்கம். எது நம்பகமானது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எழுதியவர் எதைக் கண்ணால் பார்த்து எழுதினார், எதைக் காதால் கேட்டு எழுதினார் என்று ஒவ்வொரு பத்தியிலும் கேட்க வேண்டும்.

அடக்கம் செய்த சாமியாரோ ஆயரோ அடக்க நாளைக் கண்ணால் பார்த்தவர். இறந்தவரின் வயது அவருக்குப் பக்கத்தில் நின்ற யாரோ சொன்னது. கப்பல் ஏற்றிய அதிகாரி ஆளின் உயரத்தையும் உடல் தழும்பையும் பார்த்தார். ஊர், சாதி, தகப்பன் பெயர் எல்லாம் அவர் கேட்டு எழுதியவை. தமிழ் தெரியாதவர் கேட்டு எழுதியவை என்பதையும் மறக்க வேண்டாம்.

அடக்க ஏடு: எந்தக் கோயிலில் கேட்பது?

பெரும்பாலான தேடல்கள் இங்கேதான் தடம் மாறுகின்றன. இன்று குடும்பம் இருக்கும் பங்கில் (ஒரு கத்தோலிக்கக் கோயிலின் எல்லை) போய் 1910-ஆம் ஆண்டு மரணப் பதிவேட்டைக் கேட்டால், 'எங்க பங்கு பிறகு பிரிஞ்சது, அந்தக் காலத்து ஏடு இல்லை' என்பார்கள். அது உண்மையாகவே இருக்கும். பழைய பதிவு தாய்ப்பங்கில் கிடக்கும். தாய்ப்பங்கும் இன்னொன்றிலிருந்து பிரிந்ததாக இருந்தால் இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். கோட்டாறு மறைமாவட்டமே 1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. குழித்துறை 2014-இல் கோட்டாற்றிலிருந்து பிரிந்தது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பக்கம், குமரிப் பேராயம் 1959-இல் உருவானது. அதற்கு முந்தைய மேலிடத்துக் காகிதம் திருவனந்தபுரம் பக்கம் இருக்கும். சி.எஸ்.ஐ.க்கு முந்தைய இலண்டன் மிஷன் காலத்துக் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் இலண்டனில் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி 'ஏடு இருக்கிறதா' என்பதல்ல. 'இந்தக் கோயில் எந்த ஆண்டில், எதிலிருந்து பிரிந்தது' என்பதே.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வார நாளில், உங்கள் பங்கு அல்லது (சி.எஸ்.ஐ. என்றால்) சேகரத்தின் அறிமுகக் கடிதத்தோடு போங்கள். பெயரை மட்டும் சொல்லாமல் வீட்டுப் பெயரையும் விளையின் (வீடு இருக்கும் தோப்பு நிலம்) பெயரையும் சொல்லுங்கள். ஒரே ஊரில் ஒரே பத்தாண்டில் ஐந்து மிக்கேல், ஆறு அந்தோணி இருப்பார்கள். விளைதான் அவர்களைப் பிரித்துக் காட்டும். தெரிந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தாண்டு புரட்டுங்கள். படம் எடுக்க அனுமதி இல்லையென்றால் அந்த வரியை எழுத்து மாறாமல், பக்க எண்ணோடும் வரிசை எண்ணோடும் பிரதி எடுங்கள். பிழை என்று தோன்றுவதையும் திருத்தாமல் எழுதுங்கள்.

ஏட்டின் மொழி தமிழாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர். மலையாளம், தமிழ், லத்தீன் மூன்றும் ஒரே ஏட்டில் கலந்து வரலாம். லத்தீனில் நான்கைந்து சொல் தெரிந்தால் போதும்: 'ஓபியித்' என்றால் இறந்தார், 'செபுல்துஸ்' என்றால் அடக்கம் செய்யப்பட்டவர், 'ஃபிலியுஸ்' மகன், 'உக்சோர்' மனைவி, 'விதுவா' கைம்பெண்.

தேதிதான் பெரிய வம்பு. திருவிதாங்கூரில் புழங்கிய கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதி பிறக்கும். ஆங்கில ஆண்டு தெரிய, ஆவணியிலிருந்து மார்கழி நடு வரை 824-ஐக் கூட்ட வேண்டும். அதன் பிறகு ஆடி முடிய 825. ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: 'கொல்லம் 1098 மார்கழி 20, மாசிலாமணி, ஞானமுத்து மகன், மேலவிளை, வயது 60, காய்ச்சல்.' மார்கழி என்றதும் டிசம்பர் என்று 824-ஐக் கூட்டினால் 1922 வரும். ஆனால் மார்கழி 20 விழுவது சனவரி முதல் வாரத்தில். சரியான ஆண்டு 1923. கூட்டியது சரியா என்று பார்க்க ஒரு கைக்கணக்கு உண்டு: பெரியவர்கள் சொல்லும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் கொல்லம் 1099 ஆடியில் வந்தது, அதாவது 1924 ஜூலை.

அந்த 'வயது 60'-ஐ அப்படியே நம்பிப் பிறந்த ஆண்டு 1863 என்று வம்ச மரத்தில் ஏற்றாதீர்கள். 50, 60, 70 என்று முழு எண்ணாக வரும் வயது அநேகமாகக் குத்துமதிப்பு. முன்னும் பின்னும் ஐந்தாண்டு விட்டுவைப்பது நல்லது. 'வயது 3 மாதம்', 'வயது 2' என்று வந்தால் அது வேறு. குழந்தையின் வயது யாருக்கும் மறப்பதில்லை.

கல்லறைக் கல்: ஏட்டுக்குத் தம்பிதான், அண்ணன் அல்ல

கல் பார்க்க அழகாக இருக்கும், ஆகையால் ஏட்டைவிட அதிகமாக நம்பப்படுகிறது. அது தப்பு. நிரந்தரக் கல்லறை கட்டப் பணம் வேண்டும். கட்டாதவர்களின் குழி காலப்போக்கில் மறுபடி தோண்டப்படும். எனவே கல் இல்லை என்பதால் ஆள் அங்கே அடங்கவில்லை என்று ஆகாது. இன்னொன்று, 1931-இல் இறந்தவருக்குப் பளபளக்கும் கருங்கல்லில் இயந்திர எழுத்து இருந்தால், அது பேரன் காலத்துக் கல். அதிலுள்ள தேதி நினைவிலிருந்து வந்தது. கொல்லம் ஆண்டை மாற்றியதில் ஓராண்டு தவறியிருக்கவும் கூடும்.

நல்ல கல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் தக்கலை அருகே உதயகிரிக் கோட்டைக்குப் போகலாம். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மாவின் படையை நடத்திய டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது; எழுத்து லத்தீனிலும் தமிழிலும். 62 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்தார் என்கிறது லத்தீன் வரி. கழித்தால் பிறப்பு 1714 டிசம்பருக்கோ 1715 சனவரி முதல் நாளுக்கோ போய் நிற்கும். மாதக் கணக்கு சொன்ன கல்லிலேயே இவ்வளவு இழுபறி. அரசருக்குச் சேவை செய்த காலத்தை 'ஏறக்குறைய 37 ஆண்டு' என்று பொறித்திருக்கிறார்கள். அந்த 'ஏறக்குறைய'வைச் செதுக்கியவருக்கு ஒரு கும்பிடு. டிலனாய் வேலை பார்த்து வந்த டச்சுக் கம்பெனியின் சம்பள ஏடுகளையும் இன்று நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடலாம். அவற்றில் சொந்த ஊர், கப்பல், வேலையில் சேர்ந்த நாள், வேலை முடிந்த விதம் இருக்கும். வயது இருக்காது. கல் சொல்வதை ஏடு சொல்லாது, ஏடு சொல்வதைக் கல் சொல்லாது.

கல்லைப் படிக்க: நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அடிக்கும் சுண்ணாம்பு ஆண்டுக்காண்டு எழுத்துக்குள் இறங்கிக் கட்டியிருக்கும். கம்பி பிரஷ், ஆசிட், சாக்பீஸ் மூன்றும் வேண்டாம். தண்ணீர் தெளித்து மெல்லிய பிரஷால் தடவுங்கள். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை வெயில் சாய்ந்த பிறகோ போனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்து எழும்பி நிற்கும். நடுப்பகலில் போக நேர்ந்தால் ஒருவர் குடை பிடிக்க, மற்றவர் கல்லை ஒட்டிப் பக்கத்திலிருந்து டார்ச் அடிக்க வேண்டும். முழுக் கல், எழுத்து மட்டும், அக்கம்பக்கத்துக் கல்லறைகள் என மூன்று படம் எடுங்கள். பக்கத்தில் கிடப்பவர் பெரும்பாலும் சொந்தக்காரர்.

குடியேற்றப் பதிவு: எங்கே போனார் என்பதே எல்லாம்

இந்தப் பக்கத்தில் ஒரே தரம் கிடையாது. போன நாட்டைப் பொறுத்து அள்ளியும் கிடைக்கும், ஒன்றுமில்லாமலும் போகும்.

ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நாட்டாலுக்கோ ஃபிஜிக்கோ மொரீஷியஸுக்கோ போனவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1860 முதல் 1911 வரை நாட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), ஊர், அடையாளத் தழும்பு எல்லாம் அதில் பத்தி பத்தியாக வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நடந்த திருமணம், மரணம் எல்லாம் அந்த எண்ணைச் சொல்லித்தான் எழுதப்பட்டன. பெயர் சிதைந்தாலும் எண் சிதையாது. சென்னையிலிருந்து ஃபிஜிக்குக் கப்பல் போனது 1903 முதல்தான். அதற்கு முந்தைய ஃபிஜிப் பட்டியலில் நம் ஆட்களைத் தேடுவது வீண். மொரீஷியஸ் ஏடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் உள்ளன.

ஆனால் நம் மாவட்டத்துக்கு ஒரு சிக்கல். ஆள் பிடித்தவர்கள் பதிவு செய்தது பிரிட்டிஷ் ஜில்லா அதிகாரியிடம். எல்லையிலுள்ள ஆரல்வாய்மொழியைத் தாண்டிப் போய்ப் பெயர் கொடுத்த திருவிதாங்கூர்காரருக்கு 'திருநெல்வேலி' என்று விழுந்திருக்க வாய்ப்புண்டு. ஜில்லாவைப் பார்த்து ஒதுக்காமல் ஊர்ப்பெயரையும் பாருங்கள்.

நம்மவர்கள் கூட்டமாகப் போன இடமோ சிலோன். அங்கே கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போனவர்) வழி. ஆளுக்கொரு ஒப்பந்தச் சீட்டு கிடையாது. தூத்துக்குடி வழியில் தட்டப்பாறை முகாம், 1914-இல் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் வந்தபின் மண்டபம் கேம்ப். கழுத்தில் கட்டிய தகரச் சீட்டில் தோட்டத்தின் அடையாளம் உண்டு, ஆளின் பெயர் இல்லை. 1921-இல் ஒழிக்கப்பட்ட 'துண்டு' என்ற சீட்டு தொழிலாளியின் கடன் கணக்கைச் சொல்லும், அவ்வளவே. சிலோன் குடும்பங்களுக்கு உண்மையில் உதவுவது பிற்காலக் காகிதங்கள். இலங்கையின் 1949 சட்டத்தின்படி குடியுரிமை கேட்டு 1951 ஆகஸ்ட் 5-க்குள் போட்ட மனுவில் எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையில் வீட்டார் பெயர்கள் வரிசையாக இருக்கும். டிரங்குப் பெட்டியின் அடியில் இந்த அட்டை கிடந்தால் அதற்கு எந்தக் கப்பல் பட்டியலும் ஈடாகாது.

மலேயா இன்னும் கடினம். ஆள்வாரியாகத் தேடக்கூடிய பட்டியல் கைக்கு எட்டுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயிலில் மாண்ட தமிழ்த் தொழிலாளருக்குப் பெயர் எழுதிய கல்லும் இல்லை. போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் படைவீரர்களுக்கானது. சிங்கப்பூரில் பிதாதாரி கிறிஸ்தவக் கல்லறை மூடப்பட்டு எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. இப்போது சுவாச்சூகாங்கில் அடக்கம் செய்தாலும் 15 ஆண்டுதான் இடம். அங்கே போய்க் கல்லைத் தேடுவதற்கு முன் பதிவேட்டைத் தேடுங்கள்.

பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதன் குடிநிலை வரியைப் படியுங்கள். திருநெல்வேலிக்காரர் 'பிரிட்டிஷ் பிரஜை'; திருவிதாங்கூர்காரர் மகாராஜாவின் குடி, 'பிரிட்டிஷ் பாதுகாப்புப் பெற்றவர்'. வள்ளியூரா நாகர்கோவிலா என்று அடித்துக்கொள்ளும் குடும்பத்துக்கு இந்த ஒரு வரியே தீர்ப்பு.

பெயர்த் தேடலில் ஒரு எச்சரிக்கை. ஞானமுத்துவின் 'ஞா' ஆங்கிலத்தில் ஜி, ஒய், என் என மூன்று எழுத்திலும் தொடங்கும். மூன்றிலும் தேட வேண்டும். வேதமாணிக்கம் 'வி'யில் இல்லையென்றால் 'டபிள்யூ', 'பி'. ஞானஸ்நானத்துக்கு முந்தைய பெயரிலேயே கப்பல் ஏறியவர்களும் உண்டு.

அப்படியானால் எதில் தொடங்குவது?

கிறிஸ்தவக் குடும்பம், நீங்கள் இருப்பது குமரியில் என்றால் அடக்க ஏடுதான். பஸ் தூரத்தில் இருக்கிறது, வம்சத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோகிறது. அதே குடும்பத்தின் டர்பன் கிளையில் இருப்பவர் கப்பல் பட்டியலில் தொடங்க வேண்டும். ஊர் தெரியாமல் எந்தக் கோயிலுக்குக் கடிதம் போடுவார்?

மற்றவர்களுக்குத் தராசு வேறு பக்கம் சாயும். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் கிறிஸ்தவர் 46.85 விழுக்காடு, இந்துக்கள் 48.65 விழுக்காடு. தகனம் செய்த குடும்பத்துக்குக் கோயில் மரணப் பதிவேடு இல்லை. ஆண்டுத் திதி மாதத்தையும் பட்சத்தையும் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. இவர்களுக்குக் குடியேற்றக் காகிதமும், சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய பிறப்பு-இறப்பு ஏடும், நிலத்தின் பிரமாணமும் (பத்திரம்)தான் வழி. இஸ்லாமியக் குடும்பங்கள் மீசான் கல்லில் (கபர் மேல் நடும் கல்) பெயரை எதிர்பார்க்க வேண்டாம். ஜமாஅத் ஏட்டைக் கேளுங்கள்.

கத்தோலிக்கருக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 1908 முதல் திருமணத்தை ஞானஸ்நான ஏட்டில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கொழும்பிலோ கோலாலம்பூரிலோ கோயிலில் தாலி கட்டியவரின் திருமணத் தகவல் அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊர்க் கோயிலுக்கு வந்திருக்க வேண்டும். ஏட்டில் அவர் பெயருக்கு நேரே, ஓரத்தில், பொடி எழுத்தில், பெரும்பாலும் வேறு மையில் இருக்கும். படம் எடுக்கும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்.